ஐகோர்ட் நீதிபதி ஆக எங்கே விண்ணப்பிப்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். மாவட்ட நீதிமன்றத்தில் பத்தாண்டுகளாக வக்கீல் தொழில் செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் கறுப்புக் கோட்டு போட்ட முதல் ஆள் நான்தான். என் ஜூனியர் சிவில் நீதிபதி தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுக்குப் பாடத்திட்டம் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. "அக்கா, ஐகோர்ட் ஜட்ஜ் ஆக எந்தப் பரீட்சை எழுதணும்?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீதிபதிகளை நீதிபதிகளே நியமிப்பது சரியா? 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த நீதிபதிகள் நியமன ஆணையம் நிலைத்திருந்தால் நல்லது நடந்திருக்குமா? உறவும் சிபாரிசும் இல்லாத என்னைப் போன்றவர்கள் இதற்கு ஆசைப்படலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஜூனியரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்: பரீட்சை கிடையாது. விண்ணப்பப் படிவம் கிடையாது. இத்தனை இடம் காலி என்று அறிவிக்கையும் வராது. யாரோ ஒருவர் உங்களைக் கவனித்து, உங்கள் பெயரை ஒரு பட்டியலில் எழுத வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இந்தப் பதிலைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் கூசுகிறது.

கீழ் நீதிமன்றங்களில் நிலைமை வேறு. அரசியல் சட்டத்தின் 234-ஆவது பிரிவின்படி, மாவட்ட நீதிபதிக்குக் கீழே உள்ள பதவிகளுக்குத் தேர்வாணையத்தையும் உயர் நீதிமன்றத்தையும் கலந்து செய்த விதிகள் உண்டு. தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி தேர்வை டிஎன்பிஎஸ்சி நடத்துகிறது: முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, அப்புறம் நேர்முகம். ஏழாண்டு வக்கீலாக இருந்தவர் 233-ஆவது பிரிவின்படி நேரடியாக மாவட்ட நீதிபதி பதவிக்கே போட்டியிடலாம். தோற்றால் ஏன் தோற்றோம் என்று மதிப்பெண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அடுத்த முறை எழுதலாம்.

ஐகோர்ட்டுக்கு 217-ஆவது பிரிவு. பத்தாண்டு வக்கீலாக இருந்தால் தகுதி வந்துவிடுகிறது. அதாவது நீங்கள் இன்றைக்கே தகுதி உள்ளவர்தான். ஆனால் நாற்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களின் பெயர் பொதுவாகப் போவதில்லை. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளோடு உட்கார்ந்து பட்டியல் தயாரிக்கிறார். அது முதலமைச்சருக்கும் ஆளுநருக்கும் போகிறது, அங்கிருந்து மத்திய சட்ட அமைச்சகத்துக்கு. உளவுத்துறை விசாரித்து அறிக்கை தருகிறது. பிறகு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் இரண்டு மூத்த நீதிபதிகளும், அந்த உயர் நீதிமன்றத்தைத் தெரிந்த சக நீதிபதிகளிடம் கேட்டு முடிவெடுக்கிறார்கள். இதுதான் கொலீஜியம். உச்ச நீதிமன்றப் பதவி என்றால் மூன்று பேர் இல்லை, ஐந்து பேர். அதன்பிறகு கோப்பு மறுபடி அரசுக்கு, பிரதமருக்கு, கடைசியில் குடியரசுத் தலைவரின் கையெழுத்துக்கு.

இவ்வளவு கைகள் மாறும் கோப்பு எந்தக் கையில் நிற்கிறது என்று அந்த வக்கீலுக்குத் தெரியாது. அவர் யாரையும் கேட்கவும் முடியாது.

என் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். உங்களைப் போலவே முதல் தலைமுறை வக்கீல். சிவில் அப்பீல்களில் அவர் எழுதும் குறிப்பைப் பார்த்து எங்களில் பலர் வேலை கற்றுக்கொண்டோம். ஒருநாள் அவருடைய சம்மதத்தைக் கேட்டார்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெயர் மேலே போயிற்று. "பெயர் போயிருக்கிறது" என்ற ஒரு வார்த்தை பாரில், அதாவது வக்கீல்கள் வட்டத்தில், எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த வாரத்திலிருந்து புது கட்சிக்காரர்கள் வருவது குறைந்துவிட்டது. நடுவில் பெஞ்சுக்குப் போய்விடுவாரே, நம் கேஸை யார் முடிப்பது என்று பயம். அவரும் அரசுக்கு எதிரான வழக்குகளைத் தொடத் தயங்கினார். ஒருநாள் மாலை விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்து முக்கால் மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தார். எந்தக் கட்சிக்காரருக்காக வாதாடினீர்கள், சொந்தக்காரர் யாராவது அரசியலில் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவர் என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது.

ஆறு மாதம் ஆயிற்று, ஒரு வருடம் ஆயிற்று. அவரோடு போன பட்டியலில் சிலருக்கு உத்தரவு வந்தது, இவருக்கு வரவில்லை. நிராகரித்துவிட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. நான் அவருடைய அலுவலகத்துக்குப் போனபோது ஜூனியர்கள் மேஜை இரண்டு காலியாக இருந்தது. அலமாரியில் கேஸ் கட்டுகள் இருந்த இடம் பாதி வெறுமையாகக் கிடந்தது. வக்காலத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கட்டுகளை அவரே திருப்பிக் கொடுத்திருந்தார். செல்போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். "அடிச்சா தில்லியோன்னு தோணுது, அதான்" என்றார். பதினெட்டு மாதத்துக்குப் பிறகு சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. உயர் நீதிமன்றத்தில் ஓய்வு வயது 62. மிச்சமிருந்த காலத்தில் தொழிலை முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று.

நல்ல வக்கீல்கள் சிலர் சம்மதம் கேட்டாலே வேண்டாம் என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். சம்பளம் குறைவு என்பதற்காக மறுக்கிறார்கள் என்று வெளியே பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அதைவிட இந்த நிச்சயமின்மைதான் அவர்களை உதறவைக்கிறது.

சரி, இப்படி ஒரு முறை எங்கிருந்து வந்தது? அரசியல் சட்டத்தில் கொலீஜியம் என்ற சொல்லே இல்லை. 'கலந்தாலோசித்து' நியமிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. 1949 மே 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றிப் பேசிய அம்பேத்கர், தலைமை நீதிபதிக்கு ரத்து அதிகாரம் கொடுப்பது ஆபத்து என்றார். அவரும் நம்மைப் போல விருப்பு வெறுப்புள்ள மனிதர்தானே என்பது அவர் வாதம். அரசாங்கத்தின் கையில் முழுசாகக் கொடுப்பதையும் அவர் ஏற்கவில்லை. நடுவழியாக அந்தச் சொல்லை வைத்தார்.

நடுவழி இருபது ஆண்டுக்கு மேல் ஓடியது. 1973 ஏப்ரல் 24 அன்று, அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது. உடனே, அரசுக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என்.ரே தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். நெருக்கடி நிலையில் 1976-இல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் இடம் மாற்றப்பட்டார்கள். நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற ஆட்கொணர்வு வழக்கில் தனியாக நின்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய எச்.ஆர்.கன்னாவுக்கு 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி மறுக்கப்பட்டது. அந்த வடு நீதித்துறையின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. 1981-இல் எஸ்.பி.குப்தா வழக்கில், கலந்தாலோசனை என்றால் சம்மதம் என்று பொருளல்ல, கடைசி முடிவு அரசுடையது என்றது உச்ச நீதிமன்றம். 1993 அக்டோபர் 6 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைத் திருப்பிப் போட்டு, தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதலிடம் என்றது. 1998-இல் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலாக ஐந்து பேர் கொலீஜியம் உருவானது.

இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டுதான் கொலீஜியத்தைத் திட்ட வேண்டும். பதவி ஆசையில் பிறந்த முறை என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. அடிபட்டவன் கதவை அடைத்துக்கொண்ட கதை அது. அடைத்த கதவைத் திறக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததில்தான் தவறு இருக்கிறது.

2014-இல் நாடாளுமன்றம் 99-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, இரண்டு மூத்த நீதிபதிகள், சட்ட அமைச்சர், 'புகழ்பெற்ற' இரண்டு நபர்கள் என ஆறு பேர் ஆணையம். அந்த இரண்டு நபர்களைப் பிரதமர், தலைமை நீதிபதி, எதிர்க்கட்சித் தலைவர் மூவரும் தேர்ந்தெடுப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆணையத்தில் எந்த இரண்டு பேர் எதிர்த்தாலும் ஒரு பெயர் விழுந்துவிடும் என்று சட்டம் சொன்னது. சட்ட அமைச்சரும் இன்னொருவரும் சேர்ந்தால் மூன்று நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்ன பெயரைக் கொன்றுவிடலாம். புகழ்பெற்றவர் என்றால் யார், சட்டம் தெரிந்திருக்க வேண்டுமா என்பதற்கும் விளக்கம் இல்லை. 2015 அக்டோபர் 16 அன்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அந்த ஆணையம் நிலைத்திருந்தால் நல்லது நடந்திருக்குமா என்று கேட்டீர்கள். அந்த வடிவத்தில் நடந்திருக்காது என்பது என் கருத்து. நீதிமன்றத்தில் மிக அதிகமாக வழக்காடுவது அரசுதான். வழக்காடுபவர் தன் வழக்கைக் கேட்கும் நீதிபதி வேண்டாம் என்று தடுக்கும் நிலையில் இருக்கக் கூடாது.

ஆனால் அந்தத் தீர்ப்பை முழுக்கப் படியுங்கள். மாறுபட்ட தீர்ப்பெழுதிய செலமேஸ்வர் கொலீஜியத்தின் ஆவணங்களை யாருமே பார்க்க முடிவதில்லை, உச்ச நீதிமன்ற நீதிபதிகளே கூட, தலைமை நீதிபதி ஆகும் அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் பார்க்க முடியாது என்று எழுதினார். அவரை விடுங்கள், ஆணையத்தை ரத்து செய்த நால்வரில் ஒருவரான குரியன் ஜோசப், கொலீஜியத்தில் வெளிப்படைத்தன்மையும் பொறுப்புக்கூறலும் புறவயமான அளவுகோலும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு டிசம்பர் 16 அன்று அதே அமர்வு, தகுதி அளவுகோல், வெளிப்படைத்தன்மை, தனிச் செயலகம், புகார்களைக் கையாளும் முறை எல்லாம் சேர்த்து, நியமனம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் நடைமுறைக் குறிப்பாணையைப் புதிதாக எழுதும்படி அரசிடம் சொன்னது. பத்தாண்டு கடந்தும் அது முடியவில்லை. அரசும் நீதித்துறையும் மாறி மாறி வாய்தா வாங்கிக்கொண்டிருக்கின்றன.

அதற்குள் சில ஜன்னல்கள் திறந்ததையும் சொல்ல வேண்டும். 2017 அக்டோபரிலிருந்து கொலீஜியத் தீர்மானங்கள் இணையத்தில் வருகின்றன. ஒரு தலைமை நீதிபதியின் காலத்தில் காரணங்களோடு வரும், இன்னொருவர் காலத்தில் பெயர் மட்டும் வரும், அதுதான் குறை. 2024 இறுதியிலிருந்து பரிந்துரைக்கப்பட்டவர்களைக் கொலீஜியம் நேரில் அழைத்துப் பேசுகிறது. 2025 மே மாதத்தில், அண்மை ஆண்டுகளில் பரிந்துரைத்தவர்களின் பட்டியலை உச்ச நீதிமன்றம் வெளியிட்டது. யார் எந்தச் சமூகப் பிரிவு, பதவியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதிக்கு உறவா என்ற பத்தியும் அதில் இருந்தது. அந்தப் பத்தி ஒன்றே பெரிய மாற்றம் என்பேன். பாரில் கிசுகிசுவாக இருந்ததை நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது.

காரணத்தை எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு 2023 ஜனவரி நல்ல உதாரணம். சென்னை வக்கீல் ஒருவரின் பெயரை அரசு ஏற்கவில்லை. பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையைப் பகிர்ந்தார், மருத்துவப் படிப்பில் சேரத் துடித்த மாணவி 2017-இல் தற்கொலை செய்துகொண்டதைப் பற்றிப் பதிவிட்டார் என்பது உளவுத்துறைக் குறிப்பு. அந்தக் குறிப்பை எடுத்துப் போட்டு, இதனால் அவருடைய தகுதிக்கோ நேர்மைக்கோ இழுக்கில்லை என்று எழுதி, கொலீஜியம் மீண்டும் பரிந்துரைத்தது. அப்படியும் அவர் நியமிக்கப்படவில்லை. ஆனால் இந்த முறை எது தடுத்தது என்று நாட்டுக்கே தெரிந்தது. என் நண்பருக்குக் கிடைக்காதது அது.

இனி என் மனத்தில் உள்ள சீர்திருத்தத்தைச் சொல்கிறேன். யார் நியமிப்பது என்ற சண்டையில்தான் எல்லாரும் நிற்கிறார்கள். நான் அதைவிட, கோப்பு எப்படி நகர்கிறது என்பதில் மாற்றம் வேண்டும் என்பேன். நடைமுறைக் குறிப்பாணையில் ஒரு சின்ன வேறுபாடு இருக்கிறது. மாநில அரசு ஆறு வாரத்துக்குள் கருத்துச் சொல்லாவிட்டால், சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம். மத்திய அரசு சும்மா இருந்தால் அப்படி எடுத்துக்கொள்ள வழியில்லை. கோப்பு அங்கேயே கிடக்கும். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது: கொலீஜியம் ஒருமனதாக மீண்டும் வலியுறுத்தினால் மூன்று நான்கு வாரத்தில் நியமிக்க வேண்டும் என்றது. கெடு தாண்டினால் என்ன ஆகும் என்று அதில் இல்லை. மாநிலத்தின் மௌனம் சம்மதம் என்றால் மத்திய அரசின் மௌனமும் சம்மதமாகத்தான் இருக்க வேண்டும். ஆட்சேபணை இருந்தால் எழுதட்டும். எழுதினால் பதில் சொல்லலாம். பட்டியலில் வேண்டியவரை எடுத்துக்கொண்டு மற்றவரைக் காக்கவைப்பதும் இதோடு நின்றுவிடும். அப்படிப் பிரிக்கும்போது பணிமூப்பு கெடுகிறது. பணிமூப்பு கெட்டால் நாளைக்கு யார் தலைமை நீதிபதி என்பதே மாறிப்போகிறது.

அடுத்தது நுழைவாசல். இங்கிலாந்தில் முன்பு லார்டு சான்சலர் அலுவலகம் மூத்த நீதிபதிகளிடம் ரகசியமாக விசாரித்துத்தான் நியமித்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2006-இல் தனி ஆணையம் வந்தது. 15 உறுப்பினர்கள், தலைவர் சட்டத்துறையைச் சேராதவர். காலியிடம் விளம்பரமாகிறது, விருப்பமுள்ளவர் விண்ணப்பிக்கிறார். தென்னாப்பிரிக்காவில் பொதுமக்கள் பார்க்கவே நேர்முகம் நடக்கிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரசியல்வாதிகள் வேட்பாளரைச் சந்தியில் நிறுத்திச் சாடும் மேடையாக அது மாறிவிடக்கூடும். விண்ணப்பம் வாங்குவதில் அந்தக் கவலை இல்லை. அதற்கு அரசியல் சட்டத் திருத்தமும் தேவையில்லை. 45 வயதுக்கு மேல் விருப்பமுள்ளவர்கள் விவரம் அனுப்பலாம் என்று ஒரு உயர் நீதிமன்றம் அறிவித்து, வந்தவற்றையும் சேர்த்துப் பரிசீலித்தாலே போதும். அப்போது, கண்ணில் படாத மாவட்ட பார் வக்கீலும் கணக்கில் வருவார்.

கண்ணில் படுவது எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. 2018 முதல் 2022 டிசம்பர் வரை உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 537 பேரில் சுமார் 79 சதவீதம் பொதுப்பிரிவினர். பட்டியல் சாதியினர் 2.8 சதவீதம், பழங்குடியினர் 1.3 சதவீதம். உச்ச நீதிமன்றத்தில் 1950 முதல் 2025 வரை பெண்கள் 11 பேர்தான். முதல் பெண் பாத்திமா பீவி வர 1989 ஆயிற்று. திறமையுள்ளவர்கள் அந்தப் பிரிவுகளில் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டியல் எழுதும் அறையில் இருப்பவர்களுக்கு அவர்களைத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பெரிய மாற்றமாக, நாளைக்கு ஒரு ஆணையம் வந்தாலும் நான் எதிர்க்க மாட்டேன். நீதிபதிகள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். அரசுக்குக் குரல் வேண்டும், தடுக்கும் அதிகாரம் கூடாது. ஒரு பெயரை எடுத்ததற்கும் விட்டதற்கும் எழுத்தில் காரணம் வேண்டும். விடுபட்டவருக்காவது அந்தக் காரணத்தைக் கொடுக்க வேண்டும். இதில் ஊர் அறியச் சொல்ல முடியாதவை இருக்கும். ஒருவருடைய உடல்நிலையையோ குடும்ப விவகாரத்தையோ இணையத்தில் போடச் சொல்லவில்லை. அவரிடம் மட்டும் சொன்னால் போதும்.

இனி உங்களுக்கு. ஆசைப்படலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஆசைப்படுங்கள். உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. உறவும் சிபாரிசும் இல்லாதவருக்கு நான் முதலில் சொல்வது மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வு. மாவட்ட நீதிபதி பதவிகளில் 25 சதவீதம் வக்கீல்களுக்கான நேரடி நியமனம். பத்தாண்டு அனுபவத்தோடு நீங்கள் எழுதலாம். உயர் நீதிமன்றத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடம் கீழ் நீதித்துறையிலிருந்து வருபவர்களுக்கு. பணிமூப்பு பார்ப்பதால், முப்பதுகளில் உள்ளே போனவருக்கு வாய்ப்பு அதிகம், நாற்பத்தைந்தில் போனவருக்கு வயது இடிக்கும். ஆர்.பானுமதி இந்த வழியில்தான் போனார். 1988-இல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதி, 2003-இல் சென்னை உயர் நீதிமன்றம், 2014-இல் உச்ச நீதிமன்றம். தேர்வு அறிவிக்கை வந்ததும் தள்ளிப்போடாமல் எழுதுங்கள்.

பாரிலேயே இருந்து முயல்வதானால், மாதத்தில் சில நாட்களாவது உயர் நீதிமன்றத்தில் உங்கள் மேல்முறையீடுகளை நீங்களே வாதாடுங்கள். கேஸ் கட்டைச் சென்னையில் உள்ள வக்கீலிடம் கொடுத்துவிட்டு ஊரில் உட்கார்ந்திருந்தால் பட்டியல் எழுதுபவர்களுக்கு உங்களைத் தெரிய வழியே இல்லை. சட்ட உதவி வழக்குகளை மறுக்காதீர்கள். பெயர் போகும் நாளில் வருமான வரிக் கணக்கும், நீங்கள் வாதாடி சட்ட இதழ்களில் வெளியான தீர்ப்புகளின் பட்டியலும் கேட்பார்கள். இருபது வருட வேலையை ஒரு வாரத்தில் தேடி எடுக்க முடியாமல் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். வழக்கு எண், நீதிமன்றம், சட்டப் பிரச்சினை ஒரு வரியில், முடிவு, வெளியான இதழ்.

உங்கள் ஜூனியருக்கும் ஒரு தகவல். 2025 மே 20 தீர்ப்பில், சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் கொண்டுவந்துவிட்டது. அந்த அனுபவத்துக்கு, பத்தாண்டு தொழில் செய்த வக்கீலின் சான்றிதழ், அங்குள்ள நீதித்துறை அதிகாரியின் மேலொப்பத்தோடு வேண்டும். அவள் பதிவு செய்த தேதியைச் சரிபாருங்கள். சான்றிதழ் தர உங்களுக்கே இப்போது பத்தாண்டு ஆகிவிட்டது.